புத்தகம் இருக்கு, எழுத்து இல்லை



ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.

இது ஆற்றையும் பாஸ்வேர்ட் இல்லை. "தமிழ்" என்ற சொல்லைப் பாமினி ஃபான்ட்டில் டைப் செய்து, அந்த ஃபைலை ஒரு ஸ்கிரீன் ரீடரிடம் கொடுத்தால் அது இப்படித்தான் வாசிக்கும். திரையைப் பார்க்கிற ஆளுக்கு வடிவான தமிழ். காதால் கேட்கிற ஆளுக்கு அஞ்சு இங்கிலீஷ் கீ.

இந்தக் கிழமை எபிசோடில் ஸ்கிரீன் ரீடர் பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் ஒரு கேள்வியை விட்டிட்டம். கண் தெரியாத, அல்லது புத்தகத்தைக் கையில் பிடிக்க ஏலாத ஒரு தமிழ் ஆள், மொன்றியலில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் புத்தகத்தை எப்படி வாசிக்கிறது? சுருக்கமான பதில்: நூலகம் இருக்கு, சட்டம் இருக்கு, மெஷினும் இருக்கு. எழுத்துத்தான் இல்லை. நீண்ட பதில் கீழே.

வாசிச்சுக் காட்டினால் காணாதா?

எங்கட வீடு செயின்ட்-மிஷேலில். அப்பாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம். அது விழித்திரையில் இருக்கிற சின்ன இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லப் பழுதாக்கும். முதலில் பேப்பர் எழுத்து மங்கிச்சுது. பிறகு பூதக்கண்ணாடி வந்தது. பிறகு டேப்லெட்டில் எழுத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சு, கடைசியில் ஒரு திரைக்கு மூன்று சொல் மட்டும் என்ற நிலை. மூன்று மூன்று சொல்லாக ஒரு நாவலை வாசிச்சுப் பாருங்கோ, ரெண்டாம் பக்கத்திலேயே தலை சுத்தும்.

"பிள்ளையள் வாசிச்சுக் காட்டலாம்தானே?" என்று கேட்பினம். காட்டினம். ஆனால் வாசிக்கிறது தனிய செய்கிற வேலை. இரவு ரெண்டு மணிக்கு நித்திரை வராட்டி ஒரு அத்தியாயம் வேணும். பிடிக்காட்டிப் பத்துப் பக்கம் தாண்ட வேணும். பிடிச்ச இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேணும். கதையில் காதல் கட்டம் வந்தால் எனக்கும் வெக்கம், அப்பாவுக்கும் வெக்கம். "சரி, மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்பார். ஆரையும் கேட்காமல் வாசிக்க முடியிறதுதான் வாசிப்பு. மற்றது எல்லாம் உதவி.

கியூபெக்கில் என்ன இருக்கு

செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் நீலக் கோடு ஏறி, ஜான்-தலோனில் ஒரேஞ்ச் கோட்டுக்கு மாறி, பெர்ரி-யூகாமில் இறங்கினால் மெட்ரோவுக்குள்ளாலேயே போகலாம், கிராண்ட் பிப்லியோதெக்குக்கு. 2005-இல் திறந்த கட்டடம். கியூபெக்கின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் நடத்துகிற இடம். அவை நடத்துகிற ஒரு சேவைக்கு "செர்வீஸ் கெபெக்வா து லீவ்ர் அடாப்டே" என்று பெயர். தமிழில் சொன்னால், ஏற்ற வடிவில் மாற்றின புத்தகங்களுக்கான கியூபெக் சேவை. பிரெயில் புத்தகம், ஒலிப் புத்தகம் ரெண்டும் இருக்கு. கியூபெக்கில் வசிக்கிற ஆளுக்குக் காசு இல்லை. பார்வைக் குறைபாடு மட்டும் இல்லை, கை நடுங்கிப் பக்கம் திருப்ப ஏலாத ஆளும் கேட்கலாம். இறக்கி எடுக்கலாம், இல்லாட்டித் தபாலில் வரும். பார்வையற்ற ஆட்களுக்கான வாசிப்புப் பொருளைக் கனடாத் தபால் முத்திரைக் காசு வாங்காமல் கொண்டுபோகும். கனபேருக்கு இது தெரியாது.

ஒலிப் புத்தகம் என்றவுடன் ஓடிபிள் ஞாபகம் வந்தால், கொஞ்சம் பொறுங்கோ. இது டெய்சி என்ற வடிவம். சாதாரண எம்பி3 ஒரு நீளக் கயிறு மாதிரி, ஒரு இடத்தைத் தேட முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்க வேணும். டெய்சியில் அத்தியாயம், உபதலைப்பு, பக்க எண் எல்லாத்துக்கும் அடையாளம் போட்டிருக்கும். "ஏழாம் அத்தியாயம், மூன்றாம் பகுதி" என்று நேரே போகலாம். விட்ட இடத்தை மெஷின் ஞாபகம் வைச்சிருக்கும். சமையல் புத்தகம், பாடப்புத்தகம், சட்டப் புத்தகம் வாசிக்கிற ஆளுக்கு இது இல்லாட்டி வேலை நடக்காது.

உலகம் முழுக்கப் பார்வையற்ற ஆட்கள் பாவிக்கிற பிரபலமான டெய்சி மெஷின் ஒன்று விக்டர் ரீடர் ஸ்ட்ரீம். அதைச் செய்கிற ஹியூமன்வேர் கொம்பனியின் தலைமையகம் எங்க? ட்ரம்மொன்வில். மொன்றியலில் இருந்து கியூபெக் சிட்டிக்குப் போற வழியில் கோப்பிக்கு நிப்பாட்டுற அதே ஊர். டெக் என்றால் சிலிக்கன் வலி மட்டும்தான் என்று நினைக்கிற பெடியளுக்குச் சும்மா ஒரு தகவல்.

அப்பாவைப் பதிஞ்சம். அவருக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு வேலைத்தலப் பிரெஞ்சு, சூப்பர்வைசரோடு சண்டை பிடிக்கக் காணும். ஒரு துப்பறியும் நாவல் இறக்கிக் கொடுத்தம். முழுக்கக் கேட்டார். கேட்டு முடிச்சிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. தமிழில ஒண்டும் இல்லையோ?"

அந்தச் சேவையின் புத்தகங்களில் பெரும்பங்கு பிரெஞ்சு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் அது தொடங்கினது. மற்ற மாகாணங்களில் பொது நூலகங்கள் மூலம் 2014-இல் இருந்து சீலா என்ற சேவை இருக்கு, அதில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் வேணும் என்றால் எல்லை தாண்ட வேணும்.

எல்லையைத் திறந்த உடன்படிக்கை

கொஞ்சக் காலத்துக்கு முன்னம் வரைக்கும் அந்த எல்லை பூட்டித்தான் இருந்தது. சென்னையில் ஒரு அமைப்பு ஒரு நாவலைப் பிரெயிலில் போட்டால், அது இந்தியச் சட்டத்தின் விலக்கின் கீழ் செய்த பிரதி. அதைக் கனடாவுக்கு அனுப்புறது வேற கதை, ஏனென்றால் காப்புரிமை விலக்கு நாட்டு எல்லையோடு நின்றுவிடும். ஸ்பெயினில் செய்த ஒலிப் புத்தகத்தை ஆர்ஜென்டீனாவுக்கு அனுப்ப ஏலாது. ஒரே மொழி, ஒரே புத்தகம், ரெண்டு தரம் செய்ய வேணும். உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் இதைப் "புத்தகப் பஞ்சம்" என்று சொன்னது.

2013 ஜூன் 27-ஆம் தேதி மொரோக்கோவின் மராகேஷ் நகரத்தில் ஒரு உடன்படிக்கை நிறைவேறினது. அதற்காகக் கதைச்ச ஆட்களில் ஸ்டீவி வொண்டரும் ஒருவர். நிறைவேறின பிறகு அங்கேயே வந்து பாடினார். உடன்படிக்கை சொல்கிறது ரெண்டு விஷயம். ஒன்று, அச்சை வாசிக்க ஏலாத ஆட்களுக்காகப் பிரதி எடுக்க ஒவ்வொரு நாடும் தன்ர சட்டத்தில் இடம் விட வேணும். ரெண்டு, அந்தப் பிரதியை எல்லை தாண்டி அனுப்ப விட வேணும். பார்வையற்ற ஆள் மட்டும் இல்லை, டிஸ்லெக்சியா உள்ள ஆள், புத்தகத்தைப் பிடிக்க ஏலாத ஆள், எல்லாரும் இதற்குள் வருவினம்.

2014-இல் முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. நடைமுறைக்கு வர இருபது நாடு வேணும். இருபதாவது நாடு கனடா. அதனால் 2016 செப்டெம்பர் 30-ஆம் தேதி அது உயிர் பெற்றது. அதே வருஷம் இலங்கையும் சேர்ந்தது. அதே வருஷம் இந்தியாவில் "சுகம்ய புஸ்தகாலயா" என்ற இணைய நூலகம் தொடங்கினது, அதில் தமிழும் உண்டு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெயில் பகுதி இருக்கு. கைதடியில் நஃபீல்ட் பாடசாலை, சுன்னாகத்தில் வாழ்வகம் என்று எங்கட ஊரிலும் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற இடங்கள் இருக்கு.

ஆக, தமிழ் பேசுகிற ரெண்டு நாடும் நாங்கள் இருக்கிற நாடும் ஒரே உடன்படிக்கைக்குள். கதவு திறந்திட்டுது. ஆனால் கதவுக்குள்ளால் கொண்டுவரப் புத்தகம் வாசிக்கக்கூடிய வடிவில் இருக்க வேணும். பிரச்சினை அங்கதான்.

மூன்று விதமான தமிழ்ப் புத்தகம்

இணையத்தில் கிடைக்கிற தமிழ்ப் புத்தகத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, படம். ஈழத்துப் புத்தகங்களுக்குப் பெரிய இடம் 2005-இல் தொடங்கின நூலகம் திட்டம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சபோது கிட்டத்தட்ட 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போச்சு. அதுக்குப் பிறகு வந்த ஒரு தலைமுறை, மிச்சம் இருக்கிறதாவது அழியக் கூடாது என்று பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தது. அந்த வேலை இல்லாட்டி இண்டைக்குக் கதைக்கவே ஒன்றும் இருக்காது. ஆனால் அதில் பெருமளவு ஸ்கேன் செய்த பக்கம், அதாவது எழுத்தின் ஃபோட்டோ. கண் உள்ள ஆளுக்குப் புத்தகம். ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம்.

ரெண்டாவது, பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் டைப் செய்தது. கொம்பியூட்டருக்கு எழுத்து என்பது ஒரு எண். யூனிகோடில் "ம" என்ற எழுத்தின் எண் 2990. உலகத்தில் எந்த ஃபோனிலும் அதே எண்தான். பாமினியில் அதே "ம" 107. அது இங்கிலீஷ் சின்ன "கே"-யின் எண். அந்த "கே"-க்கு "ம" என்று வேஷம் போட்டுவிடுகிறது ஃபான்ட். வேஷத்தைக் கண்தான் காணும். காதுக்கு வேஷம் தெரியாது. கனடாவில் எங்கட ஆட்கள் வருஷக்கணக்காக அடிச்ச மலர்கள், சங்க அறிக்கைகள், நினைவு மலர்கள் எத்தனையோ இந்த வடிவில் கிடக்கு.

மூன்றாவது, யூனிகோட் எழுத்து. 1998 தைப்பொங்கலில் தொடங்கின மதுரைத் திட்டம், பிறகு வந்த விக்கிமூலம் மாதிரி இடங்கள். உலகம் முழுக்க இருந்த தமிழர் சம்பளம் இல்லாமல் டைப் செய்து, பிழை திருத்தி வைச்ச புத்தகங்கள். இந்த மூன்றாவது வகைதான் பார்வையற்ற ஒரு ஆளுக்கு உண்மையில் புத்தகம்.

ஏன் என்று கேட்டால், ஒரு யூனிகோட் ஃபைலில் இருந்து எல்லாம் பிறக்கும். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்கும். அதை வளர்த்தெடுத்தது ஒஸ்ரேலியாவில் ரெண்டு பேர், ரெண்டு பேருமே பார்வையற்றவர்கள். ஐஃபோனிலும் ஆண்ட்ரொய்டிலும் தமிழ்க் குரல் இருக்கு. பெரிய எழுத்தாக்கலாம். டெய்சியாக்கலாம். பிரெயிலும் ஆக்கலாம்.

தமிழ்ப் பிரெயில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் கொம்பியூட்டர் படிச்ச ஆளுக்குச் சரியான சந்தோஷம் வரும். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த பாரதி பிரெயில்தான் தமிழுக்கும். ஆறு புள்ளிக்குள் எல்லாம் அடங்கும். அச்சில் "கொ" எழுத மூன்று துண்டு வேணும்: முன்னுக்கு ஒரு கொம்பு, நடுவில் "க", பின்னுக்கு ஒரு அரவு. பிரெயிலில் ரெண்டே ரெண்டு: "க", பிறகு "ஒ". நாங்கள் வாயால் சொல்கிற ஒழுங்கு. யூனிகோடும் அதே ஒழுங்கில்தான் சேமிக்கும். அதனால் யூனிகோட் எழுத்தை லிப்லூயி என்ற இலவச மென்பொருள் நேரே பிரெயிலாக்கும். படத்தைக் கொடுத்தால் அதுவும் கையை விரிக்கும்.

அப்பாவின் காது

படத்தை எழுத்தாக்க ஓசிஆர் இருக்கு. டெசராக்ட் இலவசம், தமிழ் தெரியும். கூகுளின் ஓசிஆரும் நல்லது. அப்பாவின் அலுமாரியில் இருந்த ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்தன், 160 பக்கம். ஃபோனில் படம் எடுத்து, ஓசிஆருக்குக் கொடுத்து, வந்த எழுத்தை அப்பாவின் ஃபோனில் போட்டன். அவர் கேட்கத் தொடங்கி அஞ்சாவது நிமிஷம்:

"கரலமோ? அதென்ன கரலம்?"

"காலம்". துணைக்காலும் "ர"-வும் அச்சில் ஒரே மாதிரி, ஓசிஆர் மாறி எடுத்திருக்கு. பிறகு "கௌரவம்". அதில் வருகிற "ௌ"-வைக் கொம்பு, "ள" என்று ரெண்டாக உடைச்சுப் போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, குரல் "கெளரவம்" என்று வாசிக்கும். வசனத்தின் நடுவில் "நாற்பத்தி ரெண்டு" என்று திடீரென்று வந்தால் அது பக்க எண். பழைய அச்சில் "லை", "னை" எல்லாம் தும்பிக்கை போட்ட வடிவம். அதுக்கும் ஓசிஆர் தடுமாறும். பத்திரிகைப் பக்கம் என்றால் ஒரு பத்தியின் பாதி வரியை அடுத்த பத்தியின் பாதி வரியோடு ஒட்டி, புதுக் கதை ஒன்று எழுதித் தரும்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று. அப்பா பிழை பிடிக்கிறதில் என்னைவிட வேகம். கண் பிழையைத் தானாகத் திருத்தி வாசிச்சிடும், காது விடாது. அவர் கேட்டுக்கொண்டே "நிப்பாட்டு" என்பார், நான் திருத்துவன். ஒரு மாதம், பின்னேரங்களில். முடிவில் தலைப்புகளுக்கு ஒழுங்காக அடையாளம் போட்ட ஒரு ஈபப் ஃபைல். குரல்பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடு மட்டும் இருக்கு: "இந்தப் பிள்ளை மெட்ராஸ் போல." யாழ்ப்பாணப் பேச்சு வசனங்களை அந்தப் பிள்ளை வாசிக்கிறதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர் இப்ப ஒன்றரை வேகத்தில் கேட்கிறார். எந்தக் கதையில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதுதான் வேணும்.

இது சட்டப்படி சரியோ என்று கேட்பீங்கள். கனடாவின் காப்புரிமைச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு இருக்கு. அச்சை வாசிக்க ஏலாத ஆள் தனக்காகப் பிரதி எடுக்கலாம். அவர் கேட்டால் அவருக்காக இன்னொரு ஆளும் எடுக்கலாம். அவருக்காக வேலை செய்கிற லாபநோக்கற்ற அமைப்பும் எடுக்கலாம். அதே வடிவில் கடையில் நியாயமான விலைக்குக் கிடைக்கிற புத்தகத்துக்கு இது பொருந்தாது. அதோடு, வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் அனுப்ப இது அனுமதி இல்லை. அப்பாவுக்காகச் செய்தது அப்பாவின் ஃபோனில்தான் இருக்கு.

புத்தகத்துக்கு வெளியேயும்

கொஞ்சம் கசப்பான ஒன்று. போன மாரியில் அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிச்ச ஒருவர் மோசம் போயிட்டார். மரண அறிவித்தல் வழக்கம்போலப் படமாக வந்தது: ஃபோட்டோ, பூ, ஓம் குறி, பெயர், மண்டபம், நேரம் எல்லாம் ஒரே ஜேபெக்கில். குரூப்பில் அம்பது பேர் "ஆழ்ந்த அனுதாபங்கள்" போட்டவை. அப்பாவின் ஃபோன் வாசிச்சது ஒரு சொல்: "படம்". அதுக்குக் கீழ அம்பது தரம் அனுதாபம். ஆருக்கு என்று தெரியாது. எனக்கு வேலையில் ஃபோன் அடிச்சுக் கேட்டார், "ஆரடா செத்தது?" என்று.

அறிவித்தல் போட்ட ஆட்களில் குறை இல்லை, எல்லாரும் அப்படித்தான் போடுகினம். கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளி நோட்டீஸ், மருத்துவ முகாம், எல்லாம் படம். படத்துக்குக் கீழ நாலு வரி எழுத்தாகவும் போட்டால் காணும். பெயர், இடம், நாள், நேரம்.

உங்களால் ஏலுமானது

ஒன்று. எந்தத் தமிழ் பிடிஎஃப்-ஐயும் திறந்து ஒரு வரியைத் தெரிவு செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கோ. தமிழாக வந்தால் நல்லது. இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாக வந்தால் பழைய ஃபான்ட். பாமினியை யூனிகோடாக்கும் இலவசக் கருவிகள் இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. தெரிவு செய்யவே ஏலாட்டி அது படம். உங்கட சங்கத்தின், பள்ளியின், கோயிலின் ஃபைல்களில் இதைச் செய்து பார்த்து, ஒறிஜினல் ஃபைல் வைச்சிருக்கிற அங்கிளைக் கண்டுபிடியுங்கோ. அவர் ரிட்டயர் ஆக முன்னம்.

ரெண்டு. தமிழ் விக்கிமூலத்தில் ஒரு பக்கம் திருத்துங்கோ. ஸ்கேன் படமும் ஓசிஆர் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கின எழுத்தாளர்களின் புத்தகங்கள் அங்க நிறைய இருக்கு. "எனக்குத் தமிழ் வாசிக்க ஸ்லோ" என்று சொல்கிற ஆட்களே, இந்த வேலைக்கு ஸ்லோதான் நல்லது. எழுத்து எழுத்தாகப் பார்க்கிற ஆள்தான் "கரலம்"-ஐப் பிடிப்பார்.

மூன்று. வீட்டில் கண் மங்கின, கை நடுங்குகிற ஆள் இருந்தால், கிராண்ட் பிப்லியோதெக்குக்கு ஃபோன் அடிச்சு ஏற்ற வடிவப் புத்தகச் சேவைக்கு எப்படிப் பதிகிறது என்று கேளுங்கோ. தமிழ்ப் புத்தகமும் வேணும் என்று அவையிட்டச் சொல்லுங்கோ. கேட்கிற ஆள் இல்லாட்டி எந்த நூலகமும் எல்லை தாண்டித் தேடாது.

இன்னுமொன்று. இந்தக் கடிதம் முழுக்க யூனிகோடில்தான் வருது. தமிழ் கேட்க விளங்கும், வாசிக்கக் கஷ்டம் என்கிற கசின் ஒருத்தர் எல்லாருக்கும் இருக்கினம். ஃபோனில் தமிழ்க் குரலைப் போட்டு இதை வாசிக்கச் சொன்னால் அவையும் கேட்கலாம். அப்பாவுக்காகத் திறந்த கதவால் நீங்களும் போகலாம்.

வாற எபிசோடில் ஓசிஆர் செட்டப்பைப் படிப்படியாகச் செய்து காட்டுறம். பழைய பாமினி ஃபைல் வைச்சிருக்கிற ஆட்கள் எடுத்து வையுங்கோ. சந்திப்பம்.